ஒருமுறைதான் துடைக்கும் கை

ஜனவரி 4, 2026, ஞாயிறு

இந்த டைரியில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்கு வெட்கமாக இருப்பதையும் சேர்த்துத்தான். நல்ல பிள்ளை என்று பெயர் வாங்க வீடு இருக்கிறது, பள்ளி இருக்கிறது, சபை இருக்கிறது. இங்கே அது வேண்டாம்.

இன்று ஆராதனை முடிந்து வந்து சாப்பிடும்போது அம்மா ஏதோ சொல்ல, அப்பா வாயை நன்றாகத் திறந்து சிரித்தார். இடது கன்னத்தின் உட்பக்கத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. ஆறின பாலில் ஏடு படிந்த மாதிரி. சோறு ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன். தண்ணீர் குடித்த பிறகும் அது அங்கேயே இருந்தது.

அப்பா புகையிலை அடக்குவது அந்தக் கன்னத்தில்தான்.

அப்பா பீடி தொட்டதில்லை, குடித்ததில்லை. சபையில் டீக்கன். திருவேங்கடம் சாலையில் விசைத்தறிச் சாமான் கடை வைத்திருக்கிறார். ஜஸ்டஸ் அண்ணாச்சி என்றால் சங்கரன்கோவிலில் தறி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். வெற்றிலையும் புகையிலையும் மட்டும் உண்டு. அதை எங்கள் பக்கத்தில் யாரும் பாவத்தில் சேர்ப்பதில்லை.

"டாக்டர்ட்ட காட்டணும்ப்பா" என்றேன்.

"சுண்ணாம்பு கூடிப்போயி வெந்திருக்கும் மக்கா. ரெண்டு நாள்ல சரியாயிரும்."

ஜனவரி 7, புதன்

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பேச்சுப் போட்டி வைத்திருக்கிறார்களாம். பிளஸ் ஒன் பிள்ளைகள் இரண்டு பேர் போகலாம் என்றார் விலங்கியல் ஷீலா டீச்சர். ஒருவர் பேச, ஒருவர் வரைபடம் பிடிக்க. தலைப்பை நாமே சொல்லலாம்.

நான் கையைத் தூக்கினேன். புற்றுநோய் உண்டாக்கும் இரசாயனங்கள் டி.என்.ஏ.வைக் கெடுப்பதும், செல் அதைச் சரிசெய்வதும்.

"பிளஸ் டூவுக்கும் மேல உள்ள பாடம்லா இது" என்றார் டீச்சர். ஆனால் எழுதிக்கொண்டார்.

ஏன் இந்தத் தலைப்பு என்று யாரிடமும் சொல்லவில்லை. அப்பா வந்து முன் வரிசையில் உட்கார வேண்டும். மேடையிலிருந்து சொன்னால் கேட்பார். பிரசங்கத்தை அப்படித்தான் கேட்கிறார். வீட்டில் நான் சொன்னால் அது பிள்ளைப் பேச்சு.

ஜனவரி 9, வெள்ளி

வகுப்பில் பேசிக் காட்டச் சொன்னார்கள். நான் எல்லாம் படித்து வைத்திருந்தேன். ஒரு வார்த்தை தடுமாறவில்லை. முடித்ததும் பின் பெஞ்சிலிருந்து கோகுல், "எல, பிரசங்கம் முடிஞ்சிட்டு. எல்லாரும் ஆமென் சொல்லுங்கலே" என்றான். சொன்னார்கள். டீச்சரும் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தார், பார்த்தேன்.

அப்புறம் ப்ரியதர்ஷினி போனாள். பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிற சுயம்புலிங்கம் அண்ணாச்சி மகள். ஒன்றாம் வகுப்பிலிருந்து என் சிநேகிதி. அவளுக்கு டி.என்.ஏ. பற்றி என்ன தெரியும்? நேற்று மதியம் நான் சொன்னது தெரியும். அவ்வளவுதான். ஆனால் முதல் வாக்கியத்திலேயே, "கோகுலு, ஒன் உடம்புல இப்ப இந்த நிமிசம் எத்தன எழுத்து கெட்டுக்கிட்டிருக்கு, தெரியுமால?" என்று கேட்டாள். அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். எல்லோரும்தான்.

"ஜெபி, உனக்கு விஷயம் தெரியும். அவளுக்குச் சொல்லத் தெரியும். நீ எழுதிக் குடு, அவ பேசட்டும்" என்றார் டீச்சர்.

நான் எழுதுவேன். அவள் பேசுவாள். நான் வரைபடம் பிடிப்பேன்.

என் அப்பா. என் தலைப்பு.

ஜனவரி 10

அவள் கையெழுத்துகூட என்னுடையதைவிட அழகு.

ஜனவரி 18, ஞாயிறு

இன்று சந்தோஷமான நாள். முதலில் அதை எழுத வேண்டும்.

மதியம் அப்பாவிடம் நானாகவே டி.என்.ஏ. பற்றிச் சொன்னேன். இரட்டைப் புரி, நான்கு எழுத்து என்று தொடங்கியதும் கண் சொருகியது. உடனே தறிக்கு மாற்றினேன். "அப்பா, கட்டம் போட்ட துணியில பாவு நூல் ஒண்ணு கெட்டுப்போனா தறிக்காரர் என்ன செய்வார்?"

"கெட்டதை வெட்டி எடுத்துட்டு, எதிர்க் கட்டத்துல என்ன கலர்னு பாத்து, அதே நூலைக் கோத்து முடிச்சுப் போடுவாரு."

"செல்லும் அதேதான்ப்பா. கெட்ட எழுத்தை வெட்டும், எதிர்ப் புரியைப் பார்க்கும், சரியான எழுத்தை வைத்து ஒட்டும்."

அப்பா சாய்ந்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். "அப்போ உள்ளுக்குள்ளயே ஒரு தறிக்காரன் உக்காந்திருக்கான்னு சொல்லு!"

"ஆமாப்பா."

"கர்த்தர் எம்புட்டு ஏற்பாடு பண்ணி வச்சிருக்காரு, பாத்தியா." அம்மாவைக் கூப்பிட்டு அவரே திரும்பச் சொன்னார். சரியாகச் சொன்னார். நான் சொன்னதை அப்பா இன்னொருவருக்குச் சொல்லி இதற்கு முன் பார்த்ததில்லை.

புகையிலைக்கு வரவே நேரமில்லை. அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம்.

ஜனவரி 26, திங்கள்

கொடியேற்றி முடித்ததும் ப்ரியா வரைபடம் போட எங்கள் வீட்டுக்கு வந்தாள். வரும்போதே அம்மாவுக்குப் பிச்சிப்பூ. நான் தரையில் காகிதத்தை விரித்து அளவெடுத்து முடிப்பதற்குள் அவள் அடுக்களையில் இருந்தாள். கருவாட்டுக் குழம்பில் புளியை எப்போது ஊற்றுவது என்று ஆரம்பித்து, "அத்தே, கல்யாணம் ஆன புதுசுல என்ன கொழம்பு வச்சீங்க?" என்று போய்விட்டது பேச்சு.

அம்மா சிரித்துச் சிரித்துச் சொல்கிறாள். முதல் நாள் வைத்த குழம்பை அப்பா ரசம் என்று நினைத்து டம்ளரில் ஊற்றிக் குடித்தாராம். இந்தக் கதை எனக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து இந்த வீட்டில்தான் இருக்கிறேன். ஏன் தெரியாது?

நான் கேட்டதில்லை. எனக்குக் கேட்கத் தோன்றியதே இல்லை.

அவள் போன பிறகு அம்மா, "வாயாடின்னாலும் வாயாடி. வீடே நெறஞ்ச மாதிரி இருக்கு" என்றாள். நான் இருக்கும்போது வீடு எப்படி இருக்கும் என்று கேட்கவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

திட்டு கொஞ்சம் பெரிதாகி இருக்கிறது. காரம் பட்டால் எரிகிறது என்று தயிர்ச் சோறு கேட்கிறார். இன்று விடவில்லை. புகையிலையில் நைட்ரோசமீன் இருக்கிறது, அது டி.என்.ஏ.வைக் கெடுக்கும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று வரிசையாகச் சொன்னேன்.

அப்பா சிரித்தார். "நீதான மக்கா சொன்ன, உள்ள ஒரு தறிக்காரன் இருந்து எல்லாத்தையும் சரி பண்ணுதான்னு? இன்னும் கொஞ்ச நாள்ல லெந்து வந்துரும். நாப்பது நாள் நான் தொடப்போறதில்ல. அவன் நிம்மதியா எல்லா நூலையும் கோத்துருவான். அப்புறம் ஈஸ்டருக்கு நான் புது ஆளு."

உண்மைதான், ஒவ்வொரு வருஷமும் ஈஸ்டருக்கு முந்திய நோன்பு நாட்களான லெந்து தொடங்கியதும் நிறுத்திவிடுவார். நாற்பது நாளும் தொட மாட்டார். சபையில் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார்கள். ஈஸ்டர் அன்று கறிச் சோறு சாப்பிட்டு எழுந்ததும் முதல் வேலை, கடைத்தெருவுக்குப் போய் வெற்றிலை வாங்குவது.

நான் சொன்னதை வைத்தே என் வாயை அடைத்துவிட்டார். எவ்வளவு பெருமையாச் சொன்னேன் அன்னைக்கு. பாதியைச் சொல்லிட்டு மீதிய விட்டுட்டேனே. ஐயோ.

பிப்ரவரி 6, வெள்ளி

மீதி என்ன என்று எனக்கே தெரியாமல் இருந்தது. இன்று நூலகத்தில் ஒரு பெரிய புத்தகத்தில் கிடைத்தது. அகராதியை வைத்துக்கொண்டு மெதுவாகப் படித்தேன்.

நைட்ரோசமீன் உள்ளே போனதும் உடம்பு அதை வெளியேற்றுவதற்காக மாற்றப் பார்க்கிறது. அந்த மாற்றத்தில்தான் அது விஷமாகிறது. டி.என்.ஏ.வின் குவானின் என்ற எழுத்தில் ஒரு சின்னத் துணுக்கை ஒட்டிவிடுகிறது. குவானினுக்கு ஜோடி சைட்டோசின். துணுக்கு ஒட்டிய குவானின் ஆள் மாறித் தைமினைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறது.

இந்தக் கறையை எடுக்க ஒரு தனிப் புரதம் இருக்கிறது. அது வெட்டுவதில்லை, கோப்பதில்லை. துணுக்கைப் பிடுங்கித் தன்மேல் ஒட்டிக்கொள்கிறது. அதோடு அதன் வேலை முடிந்தது. ஒட்டியதை அதனால் உதற முடியாது. செல் அதை அழித்துவிடும். ஒரு புரதம், ஒரு கறை. அடுத்த கறைக்கு அடுத்த புரதம் வேண்டும்.

அது வருவதற்குள் செல் பிரிந்துவிட்டால்? நகலில் தைமின் உட்கார்ந்துவிடும். அதன் அடுத்த நகலில் தைமினுக்குப் பொருத்தமாக அடினின். இரண்டு பக்கமும் ஒத்துப்போகும். கறை இல்லை, தடயம் இல்லை. தப்பு என்று சொல்ல அங்கே எதுவும் மிச்சமில்லை. பிறகு நாற்பது நாள் இல்லை, நானூறு நாள் இருந்தாலும் யார் கண்டுபிடிப்பது?

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ப்ரியாவுக்கு எழுதிக் கொடுத்திருக்கும் பேச்சில் இது இல்லை. சேர்க்க வேண்டும். சேர்க்கவில்லை. நடுவர் கேட்டால் அவள் முழிப்பாள், அப்போது நான் சொல்வேன் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

பள்ளி விட்டதும் நேராகக் கடைக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தறிக்காரர் இசக்கிப்பாண்டி அண்ணாச்சிக்குத் தறியில் மாட்டும் பிக்கர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். குவானின், தைமின், புரதம், நகல், ஒன்று விடாமல் சொன்னேன். "சரி மக்கா. சரி மக்கா." எடுத்துக் கொடுத்த பிக்கர் அளவு சரியா என்றுதான் அவர் கண் இருந்தது.

"அண்ணாச்சி, மக டாக்டருக்குப் படிக்காளா?" என்றார் இசக்கிப்பாண்டி.

"டாக்டர் என்ன, டாக்டருக்கே பாடம் எடுப்பா."

இருவரும் சிரித்தார்கள். நான் வந்துவிட்டேன்.

பிப்ரவரி 18, புதன்

லெந்து ஆரம்பம். காலையிலேயே புகையிலைப் பொட்டலத்தைக் குப்பையில் போட்டார். ராத்திரி ஆராதனையில் குருவானவர் இச்சையடக்கம் பற்றிப் பேசினார். பக்கத்திலிருந்தவர்கள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பிப்ரவரி 22, ஞாயிறு

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். முதல் பக்கத்தில் அப்படி எழுதிவிட்டேனே.

ப்ரியா ஒத்திகைக்கு வந்தாள். அப்பாதான் நடுவர். நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து, "பிள்ளைகளா, ஆரம்பிக்கலாம்" என்றார். அவள் பேசினாள். அப்பா ஒரு கொட்டாவிகூட விடவில்லை. கடைசியில் கேட்டார், "அப்போ நாப்பது நாள் ஒருத்தன் நிறுத்துனா உள்ள எல்லாம் சரியாயிரும்லா?"

ப்ரியா உதட்டைப் பிதுக்கினாள். "தெரியலயே மாமா." என் பக்கம் திரும்பி, "ஏட்டி ஜெபி, சரியாயிருமா?"

இரண்டு பேரும் என்னைப் பார்க்கிறார்கள். அப்பா உண்மையாகவே பதிலுக்குக் காத்திருக்கிறார். கடையில் கேட்காத அப்பா, இங்கே காதைக் கொடுத்துக்கொண்டு. எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் இப்போது சொன்னால் சனிக்கிழமை அது அவள் பேச்சில் இருக்கும். அவள் வாயில் அது என் வாயில் இருப்பதைவிட அழகாக இருக்கும்.

"அதெல்லாம் தலைப்புல இல்ல" என்றேன்.

"சரியாயிரும், சரியாயிரும்" என்று அப்பா அவரே பதில் சொல்லிக்கொண்டு எழுந்து போனார்.

பிப்ரவரி 23

சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 25, புதன்

அப்பா சாப்பாட்டில் உட்கார்ந்து சொன்னது:

ப்ரியா பள்ளி விட்டதும் கடைக்குப் போயிருக்கிறாள். அப்பா கேட்ட கேள்வியை ஷீலா டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாளாம். வந்ததும் வராததுமாக ஒரு டப்பா கிரீஸை எடுத்துக் கல்லாப்பெட்டி மேலிருந்த கண்ணாடியில் ஒரு பொட்டு வைத்தாள். "மாமா, கையால தொடைங்க." அப்பா துடைத்தார். "இனி அந்தக் கையைத் தூக்கிக்கிட்டே நில்லுங்க. நீங்க முடிஞ்சீங்க." அடுத்த பொட்டுக்குக் கடையில் வேலை பார்க்கும் எஸ்ரா அண்ணன். அவரும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். மூன்றாவதுக்கு இசக்கிப்பாண்டி. வெளியே போகிறவர்கள் நின்று பார்க்கிறார்களாம், கடைக்குள் மூன்று ஆம்பிளைகள் போலீஸுக்குச் சரணடைந்த மாதிரி.

"எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. அவ பொட்டு வச்சிக்கிட்டே இருக்கா. 'இனி யாரு மாமா தொடைப்பா?'ங்கா. புதுசா ஆளு வரணும்னேன். 'வருவாங்க மாமா. நாப்பது நாள் நான் கைய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்தா எல்லாத்தையும் தொடச்சிருவாங்க. ஆனா அதுக்கு முந்தி இப்படி ஆயிட்டுன்னா?'ன்னு ஒரு வெள்ளப் பேப்பரை எடுத்து அந்த கிரீஸ் மேல அமுக்கி எடுத்தா பாத்துக்க. பேப்பர் பூராக் கறை. கண்ணாடியத் தொடச்சிரலாம். 'இந்தப் பேப்பர்ல உள்ளத எவன் மாமா தொடைப்பான்?'"

அப்பா சிரித்துக்கொண்டே சொன்னவர் அந்த இடத்தில் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அப்புறம் 'ஆ காட்டுங்க'ன்னா. காட்டுனேன். அழுதுட்டா பிள்ள. அடுத்த வாரம் திருநவேலிக்குப் போயிக் காட்டிட்டு வருவோம்." என்னைப் பார்த்தார். "ஏன் மக்கா, இத நீ சொல்லவே இல்லியே?"

சொன்னேன்ப்பா. பிக்கர் எடுத்துக் குடுத்துக்கிட்டிருந்தீங்கள்லா, அப்ப சொன்னேன். இதே கடையில. இதே இசக்கிப்பாண்டி நின்னாரு. ஒரு எழுத்து விடாமச் சொன்னேன்.

மனசுக்குள் மட்டும் சொல்லிவிட்டுத் தட்டோடு எழுந்தேன். சந்தோஷப்பட வேண்டியது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அப்பா பிழைப்பதற்காக ஒரு அழுகை என்றால், அதை அவள் அழுதுவிட்டாள். என்னுடையது வேறே.

பிப்ரவரி 28, சனி

இரண்டாம் பரிசு. அப்பா வரவில்லை; சனிக்கிழமை கடையில் கூட்டமாம்.

ப்ரியா கண்ணாடியும் கிரீஸுமாகவே பேசினாள். கூட்டம் அவள் கையில். நடுவர் ஒருவர், நகலெடுத்த பிறகு செல் ஏன் தப்பைக் கண்டுபிடிப்பதில்லை என்று கேட்டார். ப்ரியா ஒலிபெருக்கியை என் முகத்துக்கு நேரே நீட்டி, "இவளுக்குத்தான் சார் தெரியும்" என்றாள். சொன்னேன். நடுவர் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

பாராட்டு எனக்கும் கிடைத்தது. அவள் நீட்டியதால் கிடைத்தது. அதை வீட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது என்று தெரியவில்லை.

புகைப்படத்தில் நான் வரைந்த வரைபடம் என் முகத்தை மறைத்துவிட்டது. விரல்கள் மட்டும் தெரிகின்றன.

மார்ச் 5, வியாழன்

திருநெல்வேலியில் கன்னத்திலிருந்து ஒரு துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அப்பா வழியெல்லாம் பேசவில்லை. ப்ரியா போனில் வந்தபோது மட்டும் பேசினார்.

மார்ச் 13, வெள்ளி

"புற்று இல்ல. ஆனா செல்லெல்லாம் மாற ஆரம்பிச்சிருக்கு. இனி ஆயுசுக்கும் புகையிலை தொடக்கூடாது. விட்டா இது அடங்கலாம். விடலைன்னா என்ன ஆகும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டவும் சொன்னார்.

அம்மா அங்கேயே ஜெபம் செய்தாள். அப்பா 'இல்ல' என்ற சொல்லோடு வெளியே வந்துவிட்டார். அதற்குப் பிறகு டாக்டர் சொன்னதை அவர் கேட்ட மாதிரியே தெரியவில்லை. பேருந்து நிலையத்தில் முதல் போன் ப்ரியாவுக்கு. "மக்களே, ஒண்ணும் இல்லையாம்!"

பக்கத்தில்தான் நின்றேன், அவர் பையைப் பிடித்துக்கொண்டு.

மார்ச் 24

பரீட்சை. உயிரியல் நன்றாக எழுதியிருக்கிறேன். அவள் சுமார்தான் என்றாள். ஆறுதலாக இருந்தது.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஈஸ்டர். விடியுமுன் ஆராதனை, கல்லறைத் தோட்டம், மதியம் கறிச் சோறு. சாப்பிட்டு எழுந்த அப்பாவை நானும் அம்மாவும் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். சட்டையைப் போட்டார். கழற்றினார். படுத்துவிட்டார்.

ஏப்ரல் 6, திங்கள்

மதியச் சாப்பாடு கொண்டுபோனேன். எஸ்ரா அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். அப்பா அலமாரிப் பக்கம் திரும்பி எதையோ தேடுகிற மாதிரி நின்றார். "அப்பா" என்றேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

இடது கன்னம் உப்பியிருந்தது.

பின்பக்கம் போய்த் துப்பிவிட்டு வந்தார். "ஒண்ணே ஒண்ணு மக்கா. நாப்பது நாள் இருந்துட்டேம்லா. அதான் ஒண்ணும் இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாரே." பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பிள்ளட்ட சொல்லிராத" என்றார்.

வரும் வழியில் தேரடி வரை நடந்தது நினைவில் இல்லை. அங்கே வந்தபோது எனக்குள் ஒன்று இருந்தது, அது என்ன என்று பார்த்தேன். சந்தோஷம். அவள் சொல்லியும் நிற்கவில்லை. அவள் கிரீஸும் கண்ணாடியும் அழுகையும்கூட அப்பாவிடம் எடுபடவில்லை. என்னைப் போலத்தான் அவளும்.

என் அப்பா கன்னத்துல வெள்ளையா இருக்கு, நான் தேரடியில நின்னு சந்தோஷப்படுதேன். என்ன பிள்ள நான்?

எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

காலையில் நானே அவளைக் கூப்பிட்டேன். சொல்லாதே என்று அப்பா சொன்னதையும் சொன்னேன். "கடைக்கு வாட்டி. நான் அங்க நிக்கேன்" என்றாள்.

அப்பா எங்களைச் சேர்த்துப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார். ப்ரியா, "மாமா, ஆ காட்டுங்க" என்றாள். அப்பா காட்டவில்லை. பின்னால் போய்த் துப்பிவிட்டு வந்து கத்தினார். "கடை இது. ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க." அப்பா அவளிடம் குரலை உயர்த்தி நான் பார்த்ததில்லை. அவள் என் பக்கம் வந்து, "எனக்கு வேற என்ன சொல்லன்னு தெரியலட்டி" என்றாள். கண் கலங்கியிருந்தது. போக மனமில்லாமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டோம். அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வீம்புக்கு இன்னொன்றை எடுத்து அடக்கிக்கொண்டதையும் பார்த்தேன்.

அந்த நேரம் இசக்கிப்பாண்டி, தறியில் குறுக்கு நூலை ஏந்தி இங்குமங்கும் ஓடும் நாடா வாங்க வந்தார். ப்ரியாவால் அழும்போதுகூடச் சும்மா இருக்க முடியாது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "இது ஏன் அண்ணாச்சி படகு மாதிரி இருக்கு?" என்றாள்.

"கடைக்காரர்ட்ட கேளு தாயி."

அவள் கேட்டாள். அப்பா வாயைத் திறக்காமல் கையால் ஏதோ காட்டினார். "புரியல மாமா. ரெண்டு பக்கமும் ஏன் இரும்பு வச்சிருக்கு?" அப்பா உம் என்றார். "உம்னா என்ன மாமா?" இசக்கிப்பாண்டி சிரித்துவிட்டார். அப்பா பின்பக்கம் போனார். துப்பினார். கொப்பளித்தார். வந்து நாடாவைக் கையில் எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார். அது அடிவாங்கித் திரும்பும் கதை, தேக்கு ஏன் உதவாது, எந்த ஊரில் செய்கிறார்கள், எல்லாம். கடை அடைக்கும்வரை அவர் வாய் காலியாகத்தான் இருந்தது.

வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்தேன். "நாளைக்கும் வா. பிளஸ் டூ பாடம் படிக்கோம்னு சொல்லிக்கிடுவோம். நீ கேள்வி கேளு."

"என்னத்தட்டி கேக்க?"

"எல்லாத்தையும்."

ஏப்ரல் 11, சனி

தினமும் போகிறோம். நான் படிக்கிறேன், அவள் கேட்கிறாள். அப்பாவுக்கு எரிச்சல் வருகிறது, தலை வலிக்கிறது. எஸ்ரா அண்ணன் மேல் விழுகிறார். இன்று ப்ரியாவிடம், "ஒனக்கு வாய் வலிக்காதா?" என்றார். "உங்களுக்குத்தான் மாமா வலிக்கக்கூடாது" என்றாள்.

நாடா, பாபின், அச்சு, விழுது என்று தறிச் சாமான் எல்லாம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கடைக்காரர் மகள் நான்தான்.

ஏப்ரல் 18, சனி

ப்ரியா இன்று வரவில்லை. பூவுக்கு நல்ல முகூர்த்தம், அவர்கள் கடையில் ஆள் போதவில்லையாம்.

தனியாகப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்பா தெருவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எங்க, வாயாடியக் காணல?" சொன்னேன். நான் புத்தகத்தைப் பிரித்துவைத்தேன். அப்பாவின் கை சட்டைப்பைப் பக்கம் போய்ப் போய் வந்தது. பையில் ஒன்றும் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் தெருமுனையில் பெட்டிக்கடை இருக்கிறது.

அப்பா செருப்பை மாட்டினார்.

எனக்குத் தெரிந்த எதையும் சொல்லக்கூடாது என்று மட்டும் தெரிந்தது. "அப்பா, மொத மொத எப்பப்பா புகையிலை போட்டீங்க?"

நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"தறியில வேல பாக்கும்போது" என்றார். அப்பா தறி ஓட்டினார் என்பதே எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முந்தி, கடை வைப்பதற்கும் முந்தி, ஒரு கொட்டகையில். "தறி ஓடுத சத்தத்துல பக்கத்துல நிக்கவன்ட்டகூடப் பேச முடியாது மக்கா. காலையில போனா ராத்திரி வரைக்கும் ஒரு வார்த்தை கிடையாது. பேசாத வாய்க்கு வேற ஏதாச்சும் வேல குடுக்கணும்லா? அங்கன எல்லாரும் அதான் செஞ்சோம்."

செருப்போடு வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மேலும் கேட்டேன். ஒவ்வொரு கேள்வியும் பெரிய கேள்வி இல்லை. அங்கே என்ன சாப்பிட்டீர்கள், யார் கூட இருந்தார்கள், வாயசைவைப் பார்த்தே பேசுவீர்களாமே, அது எப்படி. சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து என் பெயரைச் சொல்லிக் காட்டினார். எஸ்ரா அண்ணன் ஷட்டரை இழுக்கும்வரை பேசினோம். பெட்டிக்கடைக்குப் போகவில்லை.

நாளைக்குப் போவாரா? தெரியாது. ஜூன் மாதம் திருநெல்வேலிக்குப் போக வேண்டும். ஏற்கெனவே நகலாகிப்போனதை யாராலும் துடைக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அப்பா அதைக் கேட்கவில்லை. கேட்டால் சுருக்கமாகச் சொல்வேன்.

ராத்திரி ப்ரியா போனில், "இன்னைக்கு மாமா என்னட்டி சொன்னாங்க?" என்றாள். சும்மா பேசிக்கொண்டிருந்தோம் என்றேன். தறிக் கொட்டகையும் சத்தமில்லாத பேச்சும் அவளுக்குத் தெரியாத கதை. எனக்கு மட்டும் தெரியும். அதில் எனக்கு இவ்வளவு மகிழ்ச்சி. அதையும் எழுதிவிட்டேன்.

புகையிலையை விட்டதிலிருந்து தூக்கம் வராமல் அப்பா ஹாலில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த வெளிச்சம் என் கதவுக்கு அடியில் கோடாகத் தெரியும். இப்போது பார்த்தேன், கோடு இல்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.